ஆலன் கீ தீண்டா அண்ணல்

எங்கள் மெல்லிசைக் குழுவின் பேஸ் அண்ணனைப் பற்றி இதுவரை யாரும் நாலு வரி எழுதாமல் இருப்பது பெரிய அநியாயம். பாடுகிறவருக்கு பேனர் உண்டு. ட்ரம்ஸ் வாசிப்பவரைப் பிள்ளைகள் மேடை ஓரம் வந்து வாய்பிளந்து பார்க்கும். கீபோர்டு வாசிக்கிற என்னிடம்கூட மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, "தம்பி, அந்தப் பழைய பாட்டு ஒண்ணு" என்று கேட்பார். பேஸ் கிட்டார்க்காரரைத்தான் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அவலத்தைத் தனி ஆளாக நின்று மாற்றியவர் அண்ணன். ஏ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அவர் பிடித்தால் ஒரு 'ஙர்ர்ர்' எழும். அதைக் கேட்டு, மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஜெனரேட்டரைப் பார்க்க ஓடியிருக்கிறார். எத்தனை பேஸ்காரர்களுக்கு இந்தப் பேறு வாய்க்கும்?

அண்ணன் கையில் இருப்பது ஜாஸ் பேஸ் வடிவத்தில் செய்த ஒரு கருவி. அந்த வடிவத்தை 1960-இல் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர். அதற்கும் முன்னால், 1951-இல், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் பிரிசிஷன் பேஸைச் செய்து, ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்து இடுப்பொடிந்தவர்களைக் கரையேற்றியவரும் அவர்தான். ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ரிப்பேர்காரர் புத்தி எங்கே போகும்? எதையும் கழற்றலாம், எதையும் திருகலாம் என்றே செய்துவைத்தார். ஒரு சாதாரண ஜாஸ் பேஸில் ஒலியைச் சீர்செய்ய வாசிப்பவர் ஆலன் கீயோ ஸ்க்ரூட்ரைவரோ வைத்துத் திருகக்கூடிய இடங்களை எண்ணிப் பார்த்தால் 21 வரும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடுக்கு 1. பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் நாலு சேடிலுக்கும் உயரத்துக்கு இரண்டு, முன்னே பின்னே நகர்த்த ஒன்று என்று 12. பிக்கப் இரண்டுக்கும் நாலு நாலாக 8. இந்த 21-உம் மனிதனைச் சபலப்படுத்த வைத்த தூண்டில்கள் என்று கண்டுகொண்டவர் அண்ணன் ஒருவர்தான். பேஸோடு பிளாஸ்டிக் உறையில் வந்த ஆலன் கீ இன்றும் அதே உறையில் இருக்கிறது. ஒட்டியிருந்த டேப் கூடப் பிரியவில்லை.

யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அவர் சொல்லும் பதில் இரண்டே வார்த்தை: "கம்பெனி செட்டிங்."

இந்த நம்பிக்கை எல்லோருக்கும் வந்துவிடாது. அந்த பேஸ் ஏதோ ஒரு நாட்டின் தொழிற்சாலையில் என்றோ ஒருநாள் சரிபார்க்கப்பட்டது. பிறகு கன்டெய்னரில் கடல் கடந்தது. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைச் சுவரில் மாதக்கணக்கில் தொங்கியது. வந்தவன் போனவன் எல்லாம் இழுத்துப் பார்த்தான். அண்ணனிடம் வந்தபின் அக்னி நட்சத்திரத்தைப் பார்த்தது, ஐப்பசி அடைமழையைப் பார்த்தது, பல்லைக் கிட்டவைக்கும் ஏசி மண்டபங்களையும் தகரம் கொதிக்கும் டெம்போக்களையும் ஒரே ராத்திரியில் மாறிமாறிப் பார்த்தது. மரம் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்று ஆசாரிகள் சொல்வது மற்றவர் வீட்டு மரங்களுக்கு. அண்ணன் வீட்டு மேப்பிளுக்கு கம்பெனி வாக்குக் கொடுத்திருக்கிறது.

கழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அண்ணனின் தியாகம் புரியாது. நாலு கம்பியும் ஸ்ருதி கூட்டி நிற்கும்போது அவை கழுத்தை இழுக்கும் மொத்த விசை, சாதாரண செட்டுக்கு, 70, 80 கிலோ வரும். வாட்டசாட்டமான ஓர் ஆள் இரவும் பகலும் அதைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. அந்த இழுப்பை எதிர்த்து நிற்கத்தான் மரத்துக்குள் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைப் புதைத்தார்கள். 1920-களில் கிப்சன் கம்பெனியின் தாடியஸ் மெக்ஹ்யூ இதற்கு பேட்டன்ட் வாங்கினார். முடுக்கினால் கழுத்து பின்பக்கம் நிமிரும். தளர்த்தினால் கம்பிகளின் இழுப்புக்கு இணங்கி முன்பக்கம் லேசாகக் குழியும். இந்த லேசான குழிவு இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் மீட்டிய கம்பி நடுவில்தான் அகலமாக ஆடுகிறது. ஆடும் இடத்தைக் கொடுக்காமல் கழுத்து விறைத்து நின்றால் கம்பி போய் ஃப்ரெட்டில் மோதும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ கவ்வி போட்டு, கடைசி ஃப்ரெட்டில் இ கம்பியை விரலால் அழுத்திக்கொண்டு, எட்டாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளப்பார்கள். இன்றைய பல ஃபெண்டர் பேஸ்களுக்கு அந்தக் கம்பெனியே சொல்லும் அளவு 0.012 அங்குலம், மில்லிமீட்டரில் 0.3. அளக்கத் தனிக் கருவி தேடி அலைய வேண்டாம். பைக் மெக்கானிக் டேப்பட் செட் செய்யும் ஃபீலர் கேஜே போதும். கூடுதல் குறைவு இருந்தால் ஆலன் கீயை கால் சுற்று திருப்பி, திரும்ப ஸ்ருதி கூட்டி, மறுபடி அளக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இவ்வளவு எளிய வேலையைச் செய்யாமல் இத்தனை வருஷம் மனதைக் கட்டுப்படுத்துவது துறவிகளுக்கே கடினம்.

அண்ணனின் வாழ்வில் ஒரே ஒரு சறுக்கல் உண்டு. ஒருமுறை கம்பி மாற்றினார். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் கொடுத்த செட். முன்பு இருந்ததன் தடிமன் 45-105, வந்தது 40-95. "விரலுக்கு பஞ்சு மாதிரி இருக்குடா" என்று எல்லோரிடமும் அழுத்திப் பார்க்கக் கொடுத்தார். மெல்லிய கம்பி இழுப்பும் குறைவு. கம்பிகளின் இழுப்பு குறைந்தது, உள்ளே இருக்கும் ராடோ பழைய எதிரியை எதிர்பார்த்து அதே முறுக்கோடு நின்றது, கழுத்து மெல்லப் பின்பக்கம் சாய்ந்தது. போதாக்குறைக்கு, தளர்ந்த கம்பி இன்னும் அகலமாக ஆடும். அன்றிலிருந்து இ கம்பியிலும் ஏ கம்பியிலும் முதல் ஐந்து ஃப்ரெட்களில் அந்தப் புகழ்பெற்ற 'ஙர்ர்ர்' குடியேறியது.

மற்றவராயிருந்தால் இதற்குப் பதறியிருப்பார்கள். அண்ணன் அதற்குப் பெயர் சூட்டினார். "இது க்ரௌல். ஜாஸ் பேஸ்னா க்ரௌல் இருக்கணும்."

எங்கள் குழுவுக்கு அவ்வப்போது ரிதம் கிட்டார் வாசிக்க ஒரு பையன் வருவான். பரங்கிமலைப் பக்கம் வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் வாசிப்பவன். அந்த மலை அடிவாரத்தில் வளர்ந்தவனுக்கு சந்தேகத் தோமாவின் குணம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமா? தொட்டுப் பார்த்தால்தான் நம்புவான். ஒரு வரவேற்பில் எல்லோரும் பந்திக்குப் போன நேரம், அண்ணனின் பேஸை மடியில் வைத்து ஃபீலர் கேஜை நீட்டினான். இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கம்பி எட்டாம் ஃப்ரெட்டின்மேல் படுத்துக் கிடந்தது. அண்ணன் கை கழுவிவிட்டு வரும்போது கையும் களவுமாகப் பிடிபட்டான்.

"அண்ணே, கழுத்து பின்னால போயிருக்கு. கால் சுத்து லூஸ் பண்ணா சரியாயிடும்ணே."

"தம்பி, உனக்கு என்ன வயசு?"

"இருபத்தி ரெண்டுண்ணே."

"அந்த வயசுல நானும் இப்படித்தான் எல்லாத்தையும் நோண்டணும்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். எவ்வளவு பக்குவம் பாருங்கள். பையன் விடவில்லை. ஓப்பனாக அடிக்கும்போது மட்டும் இரைந்தால் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் பள்ளம் ஆழம், முதல் நாலைந்து ஃப்ரெட்டில் இரைந்தால் கழுத்து விறைப்பு, 12-க்கு மேல் போனால்தான் இரைகிறது என்றால் சேடில் தாழ்வு அல்லது கழுத்தில் குழிவு அதிகம் என்று சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் வித்தையெல்லாம் ஒப்பித்தான். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எனக்கு எல்லா இடத்துலயும் க்ரௌல் வேணும், அதுக்கு என்ன பண்ணணும் சொல்லு" என்றார். பையனிடம் பதில் இல்லை.

நோய் என்று ஒன்று இல்லாவிட்டாலும் அண்ணன் மருந்துக்குச் செலவு செய்யத் தயங்கியதே கிடையாது. டோன் இன்னும் கொஞ்சம் கூடினால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றிய ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி வந்து இறங்கியது. முதலில் கம்ப்ரஸர் பெடல். ஓங்கிய சத்தத்தை அமுக்கி, ஒடுங்கிய சத்தத்தைத் தூக்கிவிடுவது அதன் தொழில். ஆகவே ஸ்வரம் ஓய்ந்தபிறகும் ஃப்ரெட் இரைச்சல் மட்டும் தனியாக, தெளிவாக, நின்று ஒலித்தது. அடுத்து ப்ரீஆம்ப் பெடல். அடுத்து தங்க முலாம் பூசிய முனை வைத்த கேபிள். அந்த கேபிள் வந்தபின் இரைச்சலில் ஒரு துளிகூட வழியில் சிந்துவதில்லை. சங்ககாலத்துக்குக் கடையெழு வள்ளல்கள். நம் காலத்தில் கடைகளையே எழ வைத்த வள்ளல் எங்கள் அண்ணன். முதல் பெடலுக்குக் கொடுத்ததில் பாதியைக்கூட, செட்டப் செய்கிற மெக்கானிக் கூலியாகக் கேட்டிருக்க மாட்டார் என்பதை இங்கே சொல்வது அற்பத்தனம்.

ஆம்ப்பில் பேஸ் நாப் எப்போதும் கடைசி வரை. இ கம்பியை ஓப்பனாக மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு 41.2 ஹெர்ட்ஸ். அதை நம் காது நேரடியாகக் கேட்பதைவிட, மேலே 82, 124 என்று அடுக்கடுக்காக எழும் கூட்டு அதிர்வுகளை வைத்தே 'ஓ, இது இ' என்று புரிந்துகொள்கிறது. கம்பி சுதந்திரமாக ஆடினால்தான் அந்த அடுக்கு ஒழுங்காக எழும். ஃப்ரெட்டில் மோதி நசுங்கிய கம்பியில் எழுவது வேறு. எழாத ஒன்றை நாப் எங்கிருந்து கொண்டுவரும்? அண்ணன் இதற்கெல்லாம் கலங்குகிறவர் இல்லை. ஸ்வரம் தெரியாவிட்டால் என்ன, மண்டபத்துத் தகரக் கூரை அதிர்கிறதே. எங்கள் சவுண்டுக்காரர் மிக்ஸரில் அண்ணனின் சேனலில் அடிப்பகுதியை முழுக்க வெட்டிவிட்டு, அண்ணன் பார்க்கும்போது மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அவ்வளவு மரியாதை.

அண்ணன் பேஸில் எதையுமே தொடாதவர் என்று நான் சொன்னதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் எடுத்தார். "பவர் பத்தலை" என்று இரண்டு பிக்கப்பையும் ஏற்றினார். எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு. நெருக்கம் அன்பைக் கூட்டும் என்பது அவர் கட்சி. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும். கம்பிக்கு அருகில் வந்தால் ஒலி ஓங்கும் என்பது உண்மை. கூடவே காந்தம் கம்பியைத் தன்பக்கம் இழுக்கவும் தொடங்கும். கம்பியின் ஆட்டம் சீக்கிரம் ஓயும், ஸ்வரத்தில் ஒரு தள்ளாட்டம் ஏறும், ட்யூனரின் முள் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கும். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு சத்தம் வரும். வாசிப்பில் மேடு பள்ளம் இல்லாத இந்தச் சமத்துவத்தை அண்ணன் ஒரே மாலையில் சாதித்தார்.

ஃபெண்டர் கம்பெனி கொடுக்கும் அளவைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்த நிலையில், தடித்த கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் சொச்சம், மெல்லிய கம்பி பக்கம் சுமார் இரண்டரை. தடித்த கம்பி அகலமாக ஆடுவதால் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்த்த வேண்டுமாம். பிரிட்ஜ் அருகில் கம்பி குறைவாக ஆடுவதால் அங்குள்ள பிக்கப்பை நெருக்கியும், கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைத் தள்ளியும் வைத்தால் இரண்டும் சமமாகப் பேசுமாம். குறையும் சத்தத்தை ஆம்ப்பில் ஏற்றிக்கொள்ளலாமாம். அண்ணனின் ஏற்பாட்டில் இந்தக் கணக்கே இல்லை. இ கம்பி இடி, ஜி கம்பி கொசு. இ கம்பியைக் கொஞ்சம் உற்சாகமாக அடித்தால் அது காந்தக் குமிழிலேயே போய் 'டக்' என்று தட்டும். இதனால் எங்கள் ட்ரம்ஸ்காரருக்குப் பாதி வேலை மிச்சம்.

மேதைகளை உதாரணம் காட்டுவதிலும் அண்ணனை வெல்ல ஆளில்லை. சிங்கப்பூர் கம்பிக்குப் பிறகு அவர் கம்பியே மாற்றவில்லை. கேட்டால், "ஜேம்ஸ் ஜேமர்சன் மாத்தினாரா?" என்பார். மாற்றவில்லைதான். 60-களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் பெரும்பாலான வெற்றிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேமர்சன், தன் 1962 மாடல் பிரிசிஷன் பேஸில் கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது உலகறிந்தது. அவர் போட்டது மேற்பரப்பு வழவழப்பான, தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பி. அழுக்கு ஏற ஏற அந்தக் கம்பியின் மங்கல் ஒலிதான் அவருக்கு வேண்டியிருந்தது. கம்பியை ஃப்ரெட்டிலிருந்து மற்றவர் விரல் வலிக்கும் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். பிரிட்ஜ் மூடிக்கடியில் கம்பியை அமுக்கும் ஸ்பாஞ்ச். மீட்டியது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும். இவ்வளவையும் தன் காதுக்கு ஏற்றபடி பொருத்திவைத்துக்கொண்டு கடைசியாகக் கம்பி மாற்றாமல் இருந்தார். எங்கள் அண்ணன் சுற்றி வளைக்காமல் நேரே கடைசிப் படிக்கு வந்துவிட்டார். அவர் போட்டிருப்பது நெளிநெளியான ரவுண்ட்வவுண்ட். அதன் மடிப்புகளில் வியர்வையும் விபூதியும் பந்தியில் தொட்ட மைசூர்பாக்கு நெய்யும் சேர்ந்து, கம்பி பார்ப்பதற்கு இப்போது ஃப்ளாட்வவுண்ட் மாதிரியே ஆகிவிட்டது.

ஜேகோ பாஸ்டோரியஸும் அவர் பட்டியலில் உண்டு. ஜேகோ தன் 1962 ஜாஸ் பேஸின் ஃப்ரெட்களை எல்லாம் நீக்கிவிட்டு, பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பலகைமேல் பூசி வாசித்தார். "அவருக்கு ஃப்ரெட்டே வேணாம்னு இருந்திருக்கு. இங்க ஃப்ரெட்ல லேசா சத்தம் வருதுன்னு அழறீங்க" என்று அண்ணன் கேட்கும்போது, வாதத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம் வைத்து அண்ணன் கருவியைக் கவனிக்காதவர் என்று எண்ணினால் நாக்கு அழுகிவிடும். ஆயுத பூஜையன்று அந்த பேஸைப் பார்க்க வேண்டும். மூன்று நாள் முன்பே துடைக்க ஆரம்பித்துவிடுவார். உடம்பெங்கும் கார் பாலிஷ், பிரிட்ஜின் குரோமியத்தில் முகம் பார்க்கலாம், தலைப்பகுதியில் மல்லிகைச் சரம், பிக்கப் இரண்டுக்கும் தனித்தனியே சந்தனம் குங்குமம். அதே வாரம் பரங்கிமலைப் பையனின் பேஸைப் பார்த்தேன். பரிதாபம். ஒரு மெக்கானிக்கின் மேஜையில் கம்பியெல்லாம் உருவிப்போட்டு, அம்மணமாகக் கிடந்தது. முழங்கை பட்டுப் பட்டு வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிந்தது. புதுக் கம்பி போட்டார்கள், ஸ்ருதி கூட்டினார்கள், கழுத்தை அளந்து கால் சுற்று திருப்பினார்கள், மறுபடி ஸ்ருதி. சேடில்களை ஏற்றி இறக்கி, நாலு கம்பியும் பலகையின் வளைவோடு வளைந்து நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள். பிக்கப்புக்கு அடியில் நைந்துபோன ஸ்பாஞ்சை மாற்றி உயரம் வைத்தார்கள். கடைசியில் ட்யூனரோடு உட்கார்ந்து ஒவ்வொரு சேடிலாக நகர்த்தினார்கள். தொண்டைமானின் ஆயுதசாலைக்குத் தூது போன ஔவையார், மயிற்பீலி சூட்டி நெய் பூசிக் காவலோடு இருந்த அவன் படைக்கலங்களை வாயாரப் புகழ்ந்துவிட்டு, அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று குறைப்பட்டுக்கொண்டாரே, அந்தப் பெருமூதாட்டி ஒருமுறை எங்கள் அண்ணன் வீட்டுக் கொலுவுக்கு வந்திருக்கலாம்.

அந்தப் பட்டறையில் கடைசியாக நடந்ததுதான் அண்ணனுக்கு அறவே பிடிக்காத காரியம். ஓப்பன் கம்பியில் ட்யூனர் பச்சை காட்டிவிட்டால் ஸ்ருதியைப் பொறுத்தவரை அண்ணனின் கடமை முடிந்தது. அதற்குமேல் சந்தேகப்படுவது கருவியை அவமதிப்பது. கணக்குப்படி 12-ஆம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் வர வேண்டும். 34 அங்குல பேஸுக்கு 17 அங்குலத்தில். ஆனால் விரல் அழுத்தும்போது கம்பி இழுபட்டு ஸ்ருதி ஒரு துளி ஏறிவிடும். அந்த ஏற்றத்தைச் சரிக்கட்டத்தான் சேடில்களைக் கொஞ்சம் பின்னே தள்ளி வைக்கிறார்கள். தடித்த கம்பிக்கு அதிகம், மெல்லியதற்குக் குறைவு. 12-ஆம் ஃப்ரெட்டின்மேல் விரலை மெல்ல வைத்து எடுக்கும் ஹார்மோனிக்கையும், அங்கேயே அழுத்தி மீட்டும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடில் பின்னே, இறங்கியிருந்தால் முன்னே. அண்ணன் மெல்லிய கம்பி போட்டார், சேடில் தடித்த கம்பியின் இடத்திலேயே நின்றது. ஆகவே அவர் மேலே ஏற ஏற, ஸ்வரம் பணிவோடு கீழே இறங்கும்.

ரூட் ஸ்வரத்தை மட்டும் அடியில் அடித்துக்கொண்டிருக்கும் பாட்டுகளில் இந்தப் பணிவு வெளியே தெரியாது. இளையராஜா பாட்டு வந்தால்தான் தெரியும். 80-களில் அவருடைய பாட்டுகளுக்கு சசிதரன் வாசித்த பேஸ் லைன்கள், பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டாக நடந்து, சரணத்துக்கு முன்னால் சட்டென்று மேல் ஃப்ரெட்களுக்கு ஏறி எட்டிப் பார்க்கும். அண்ணனும் ஏறுவார். ஏ கம்பியின் 12-ஆம் ஃப்ரெட்டில் வரவேண்டியது 110 ஹெர்ட்ஸ். என் கீபோர்டு 110-இல் நிற்கும், அண்ணன் 109-இல் நிற்பார். ஒன்றே ஒன்றுதான் குறைவு. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் முடியாது. இரண்டும் சேர்ந்து வினாடிக்கு ஒரு முறை எழுந்து எழுந்து அமுங்கும். கோரஸ் பெடலுக்குக் காசு கொடுக்கிறவர்கள் கவனிக்கவும், எங்கள் குழுவில் அது இலவசம். நடுவில் மாட்டிக்கொண்ட பாடகர் யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொள்வார். லயித்துப் பாடுகிறார் என்று முன்வரிசை உருகும்.

இவ்வளவுக்கும் பிறகு, தன் டோனில் தனக்கே முழுத் திருப்தி இல்லை என்று அண்ணன் போன மாதம் அறிவித்தார். பெரியவர்களுக்குத்தான் அந்த அடக்கம் வரும். தீர ஆராய்ந்து, குறை எங்கே என்றும் கண்டுபிடித்துவிட்டார். கம்பி நாலுதான் இருக்கிறது. ஐந்து கம்பி பேஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஐந்தாவதாக அடியில் வரும் பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ், எங்கள் வாடகை ஸ்பீக்கர்களில் பாதி அந்த ஆழத்தில் வாயே திறக்காது. திறக்காவிட்டால் என்ன, க்ரௌல் கேட்குமே. கடைக்காரர் டெலிவரிக்கு முன் செட்டப் செய்து தரட்டுமா என்று கேட்டாராம். "கம்பெனி செட்டிங்ல கை வைக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பழைய பேஸை விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒத்திகை முடிந்து எல்லோரும் ஒயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது பரங்கிமலைப் பையனைக் கூப்பிட்டு, உறையோடு அப்படியே கையில் கொடுத்தார்.

"வெச்சுக்கோடா. என்ன பண்ணாலும் டோன் வராத பேஸ். பழகறதுக்கு ஆகும்."

பையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தான். ஃபீலர் கேஜ் அவனிடமே இருக்கிறது. ஆலன் கீக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை.